குன்றும் கூடமும்

கிரேக்க நாட்டின் அதென்ஸ் நகருக்குச் செல்வோர் அக்ரோபொலிஸ் குன்றையும், அதன் அடிவாரத்திலுள்ள நூதனசாலையையும் வெவ்வேறு காட்சிகளாகவே எண்ணுகின்றனர். உண்மையில் அவை ஒரே நூலின் இரு பாதிகள். எதனை முன்னர்க் காண்பது என்று திட்டமிடாதவர் இரண்டிலும் பாதிப் பயனையே பெறுவர்.

முதலிற் காணவேண்டியது குன்று. அங்கு நிழல் அரிது; ஆதலின் கோடையிற் செல்வோர் காலையிலேயே ஏறிவிடுதல் நன்று. குன்றுக்கும் நூதனசாலைக்கும் தனித்தனியே நுழைவுச் சீட்டுப் பெறவேண்டும். கி.மு. 447இல் தொடங்கிய பார்த்தெனன் கோயிலின் வாயில் எத்திசை நோக்கியது, தூண்கள் எவ்வாறு நிற்கின்றன என்பவற்றை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். அருகிலுள்ள எரெக்தியன் கோயிலின் கூரையைத் தாங்கும் ஆறு பெண்ணுருவங்களும் வார்ப்புப் படிகளே. மூலச் சிலைகளில் ஐந்து கீழே நூதனசாலையில் உள்ளன. ஆறாவது இலண்டனில் இருக்கிறது. அதற்குரிய இடம் நூதனசாலையில் வெறுமையாகவே விடப்பட்டுள்ளது.

இந்நூதனசாலை 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இதன் மேல்மாடிக் கூடம் பார்த்தெனனின் திசைக்கு இணங்கவே அமைந்தது. கண்ணாடிச் சுவரினூடே கோயிலைக் காணலாம். கோயிற் சுவரின் மேற்புறத்தைச் சுற்றி ஏறத்தாழ 160 மீற்றர் நீளத்துக்கு ஓடிய சிற்ப வரிசை இங்கே அதே ஒழுங்கில் வைக்கப்பட்டிருக்கிறது. அதீனா தேவியின் விழா ஊர்வலமே அதன் பொருள் என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. ஊர்வலம் தென்மேற்கு மூலையில் தொடங்கி, இரு கிளையாய்ப் பிரிந்து, கிழக்கில் முடிகிறது. பார்வையாளரும் அவ்வழியே நடத்தல் வேண்டும். எதிர்த்திசையில் நடப்பவருக்குக் குதிரை வீரரும் பலி எருதுகளும் தொடர்பற்ற துண்டுகளாகவே தோன்றும்.

நடக்கும்போது பழுப்பேறிய பழங் கல்லுக்கிடையே வெண்மையான சாந்து வார்ப்புகள் காணப்படும். அவற்றுட் பெரும்பாலானவற்றின் மூலங்கள் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன. எல்ஜின் பிரபுவின் ஆட்கள் 1801 முதல் பெயர்த்தெடுத்த அச்சிற்பங்களைப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1816இல் விலைக்கு வாங்கியது. அவை சட்டப்படி பெறப்பட்டவை என்பது பிரித்தானியர் வாதம்; ஆட்சியிலிருந்த ஒட்டோமன் துருக்கியருக்கு அவற்றை அளிக்கும் உரிமை இல்லை என்பது கிரேக்கர் வாதம். வத்திக்கான் தன்னிடமிருந்த மூன்று துண்டுகளை 2023இல் திருப்பியளித்தது.

ஆகவே, மேல்மாடிக்கென ஒரு மணி நேரமாவது ஒதுக்குதல் வேண்டும். காலையிற் குன்றைக் கண்டவர் அங்கு நின்று, எது கல், எது சாந்து என்று தாமே பிரித்தறிவர். இரு நாட்டாரின் வழக்கும் அப்போது அவருக்கு வெறும் செய்தியாக இராது.