எந்த நெயில் கன் வாங்குவது?

(வேடந்தாங்கலில் நடைபெற்ற தொழிற்கருவிக் கடன் வழங்கும் கூட்டத்தில் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)

 

மரவேலை கண்ணியமான தொழில். ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலைச் சொல்லும்போது பலகைகளையும் ஆணிகளையும் குர்ஆன் குறிப்பிடுகிறது. இன்று நாம் பேசப் போவதும் பலகையையும் ஆணியையும் பற்றித்தான். ஆணியை அடிக்கும் கருவி மட்டும் மாறியிருக்கிறது.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நெயில் கன் வாங்கவென்று நாங்கள் முதன்முதலில் கொடுத்த வட்டியில்லாக் கடனில் வாங்கிய கன்னே தவறான கன். அந்தத் தம்பி என்ன வேலை செய்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்தோம், கையெழுத்து வாங்கினோம், அவ்வளவுதான். அவர் கடையில் இருந்ததிலேயே பெரிய கன்னாகப் பார்த்து வாங்கினார். அது எஸ்.டி. 64, கான்கிரீட்டில் ஆணி அடிப்பதற்கானது. அந்த ஆணியின் தடிமன் 2 மி.மீ.க்கு மேல். அதைக் கொண்டு அலமாரியின் தேக்கு பீடிங்கை அடித்தார். பீடிங் வரிசையாகப் பிளந்தது. வீட்டுக்காரர் மரத்தின் விலையைக் கூலியில் கழித்துக்கொண்டார். தவணை நின்றது. பல மாதங்கள் எங்களைக் கண்டாலே அந்தத் தம்பி வேறு தெரு வழியாகப் போனார். கடன் கொடுத்த நாங்கள் கூடவே யோசனையும் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. அதனால்தான் இனி காசோலைக்கு முன்னால் இந்தப் பேச்சு.

எண் கூடினால் ஆணி மெலியும்

நெயில் கன்னை ஆணியின் கேஜை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். மின்கம்பிக் கணக்குப் போலவே, எண் பெரிதாக ஆக ஆணி மெல்லியதாகும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வாங்கியவர்கள் உண்டு.

23 கேஜ் ஆணி அரை மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான தடிமன். பெரும்பாலும் தலையே இருக்காது. மிக மெல்லிய அலங்காரப் பட்டையையும் பிளக்காமல் உள்ளே போகும். ஆனால் பிடிமானம் குறைவு. பசை காயும் வரை பட்டையை நகராமல் வைத்திருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

18 கேஜ் ஆணி ஏறத்தாழ ஒரு மி.மீ. தடிமன், சிறிய தலை. நம் கடைகளில் எஃப் 30, எஃப் 50 என்று கேட்டால் கிடைப்பது இந்தக் கன்தான். எஃப் 30 என்றால் 30 மி.மீ. நீளம் வரையுள்ள ஆணி, எஃப் 50 என்றால் 50 மி.மீ. வரை. பிளைவுட் ஓரத்து லிப்பிங், அலமாரிக் கதவு பீடிங், டிராயர், அலமாரியின் பின்பலகை எல்லாவற்றுக்கும் இது போதும்.

16 கேஜ் ஆணி ஒன்றரை மி.மீ. சுமார். கடையில் டி 50 என்பார்கள். கதவு நிலையைச் சுற்றி வரும் அகலப் பட்டை, தடித்த ஸ்கர்டிங், கனமான மரச்சட்டம் ஆகியவற்றுக்கு இது. 15 கேஜ் இன்னும் தடிமன், அதற்கு நம் பக்கத்தில் வேலை குறைவு. சோபா வேலை செய்கிறவர்களுக்குத் தேவை ஆணி அல்ல, 80 வகை ஸ்டேபிள் அடிக்கும் கன். துணியை ஆணியால் அடித்தால் கிழிந்து வந்துவிடும்.

ஆக, தொழிலைத் தொடங்கும் தம்பிக்கு முதல் கன் 18 கேஜ், அதிலும் எஃப் 50. அதிலேயே சிறிய ஆணியையும் அடிக்கலாம். ஆனால் எஃப் 30-இல் பெரிய ஆணி ஏறாது. வாங்கும் முன் அந்தக் கன் எந்த நீளம் முதல் எந்த நீளம் வரை எடுக்கும் என்று அதன்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

வீடியோவில் இருப்பது நம் சுவர் அல்ல

தம்பிகள் செல்போனில் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் ஒருவர் ஸ்கர்டிங்கைச் சுவரில் வைத்து டக் டக் என்று அடித்துக்கொண்டே போவார். அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில் சுவருக்குள் மரச்சட்டம் இருக்கிறது. அந்த ஆணி மரத்தில்தான் இறங்குகிறது. நம் சுவர் செங்கல், மேலே சிமெண்ட் பூச்சு. இதில் 18 கேஜ் ஆணி அடித்தால் வளையும், அல்லது பூச்சை உதிர்த்துவிட்டுத் தொங்கும். அதைப் பார்த்துத்தான் பலர் பெரிய கன் வேண்டும் என்கிறார்கள். வேண்டியதில்லை. சுவரில் துளை போட்டு, பிளக் வைத்து, ரீப்பர் கட்டையை ஸ்க்ரூவால் இறுக்குங்கள். பிறகு அந்த ரீப்பர்மேல் பட்டையை 18 அல்லது 16 கேஜால் அடியுங்கள்.

நீளத்துக்கும் எளிய கணக்கு உண்டு. மேலே வைக்கும் பட்டையின் தடிமனைப் போல இரண்டு மடங்கு ஆணி அடிமரத்துக்குள் போக வேண்டும். 6 மி.மீ. பீடிங் என்றால் உள்ளே 12, மொத்தம் 18. ஆகவே 20 மி.மீ. ஆணி எடுக்கலாம். ஆனால் அடியில் இருக்கும் பலகையின் தடிமனையும் பாருங்கள். 18 மி.மீ. பிளைவுட் முகத்தின்மேல் 12 மி.மீ. பட்டை வைத்து 30 மி.மீ. ஆணி அடித்தால் முனை மறுபக்கத்துக்கே வந்துவிடும். அங்கே 25 போதும். வேங்கை, கருவேலம் போன்ற கடின மரமாக இருந்தால் மெல்லிய ஆணி பாதியில் மடங்கும். முதலில் ஒரு துண்டு மரத்தில் அடித்துப் பாருங்கள்.

ஆணி பசைக்குத் துணை, பசைக்குப் பதில் அல்ல. ஃபெவிக்கால் தடவாமல் கன்னை மட்டும் நம்பி ஒட்டிய பீடிங் ஒரு மழைக்காலத்தில் வாய் பிளக்கும்.

காற்றா, பேட்டரியா?

பேட்டரி கன்னுக்கு ஹோஸ் இல்லை, கம்ப்ரஸர் இல்லை. மாடிக்கு மாடி ஏறி இறங்கும் சில்லறை வேலைக்கு வசதி. ஆனால் விலை பல மடங்கு. எடையும் 3 கிலோ அளவில் இருக்கும். காற்றில் ஓடும் 18 கேஜ் கன் ஒன்றரை கிலோவைத் தாண்டாது. நாள் முழுவதும் தலைக்கு மேல் கையைத் தூக்கி ஃபால்ஸ் சீலிங் பட்டை அடிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் தோளில் தெரியும்.

எங்கள் யோசனை காற்றுக் கன்தான். ஒரு எச்.பி., 24 லிட்டர் கம்ப்ரஸர் இந்த வேலைக்குப் போதும். கம்ப்ரஸரை நான்கு பேர் சேர்ந்து வாங்கலாம், கன் மட்டும் அவரவருக்குச் சொந்தமாக இருக்கட்டும். அழுத்தத்தை 70 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கி, ஆணித்தலை மேலே நின்றால் கொஞ்சம் கூட்டுங்கள், ஆழமாகப் புதைந்தால் குறையுங்கள். கன்னில் எழுதிய உச்ச அளவைத் தாண்டவே கூடாது. காற்று இல்லையென்று வெல்டிங் கடை ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டுவது உயிரோடு விளையாடுவது, கன் வெடிக்கும்.

காலையில் கன்னின் காற்று வாயில் இரண்டு மூன்று சொட்டு அதற்குரிய எண்ணெய், மாலையில் கம்ப்ரஸர் டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பது. இந்த இரண்டையும் செய்தாலே கன் நீண்ட நாள் உழைக்கும். மாமல்லபுரம், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் விடுதி வேலைக்குப் போகிறவர்கள் ஆணியிலும் கவனம் வையுங்கள். உப்புக் காற்றில் சாதாரண ஆணி துருப்பிடித்து, வெள்ளைப் பெயிண்டின்மேல் சிவப்புக் கோடு இறங்கும். கடலைப் பார்த்த இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி, முடிந்தால் 316 தரம் கேளுங்கள். அதன் விலையை முன்கூட்டியே மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்.

விசையைப் பார்த்து வாங்குங்கள்

தாய்மார்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஜாமீன் கையெழுத்து போடுகிறவர்கள் நீங்கள்தான்.

கன்னில் இரண்டு வகை விசை உண்டு. ஒன்றில், மூக்கை மரத்தில் அழுத்தி, பிறகு விசையை இழுத்தால் ஓர் ஆணி போகும். அடுத்த ஆணிக்கு விசையை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். மற்றதில், விசையைப் பிடித்தபடியே மூக்கு எங்கே பட்டாலும் ஆணி பாயும். மரமானாலும் தொடையானாலும் அதற்கு ஒன்றுதான். 2011-இல் அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் வெளியிட்ட கையேடு, இந்த இரண்டாவது வகையில் காயம் படும் அபாயம் இரு மடங்கு என்கிறது. அங்கே தச்சுத் தொழில் பழகும் இளைஞர்களில் ஐந்து பேரில் இருவர், நான்காண்டுப் பயிற்சிக்குள் நெயில் கன்னால் காயம் பட்டிருக்கிறார்கள். காயங்களில் பாதிக்கு மேல் கையிலும் விரலிலும்தான்.

இங்கேயும் பார்த்துவிட்டோம். நம் பிள்ளை ஒருவர் இடது கையால் பீடிங்கைப் பிடித்துக்கொண்டு, ஆணி இறங்கும் இடத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி விரலை வைத்திருந்தார். மரத்தின் கணுவில் பட்ட ஆணி திரும்பிப் பக்கவாட்டில் வெளியே வந்து விரலில் ஏறியது. அந்த விரல் இன்றும் முழுதாக மடங்காது. உளி பிடிக்க முடியாமல் இப்போது அளவெடுக்கும் வேலை மட்டும் செய்கிறார்.

எனவே முதல் வகை விசை உள்ள கன்னையே வாங்குங்கள். சில மலிவு கன்களில் மூக்குப் பாதுகாப்பே இருக்காது, விசையைத் தொட்டால் காற்றிலேயே ஆணி பறக்கும். கடையிலேயே காற்று மாட்டச் சொல்லி, ஆளில்லாத பக்கமாகத் தரையை நோக்கிப் பிடித்து, கடைக்காரரை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். மூக்கு எதிலும் படாதபோது ஆணி வந்தால் அந்தக் கன் வேண்டாம். வேலையின்போது பிடிக்கும் கை ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும். சிறிய துண்டானால் கிளாம்ப் போடுங்கள். கண்ணாடி அணியுங்கள். ஆணி சிக்கினால் முதலில் ஹோஸைக் கழற்றுங்கள், பிறகு பாருங்கள்.

அல்லாஹ் காப்பாற்றட்டும், காயம் பட்டுவிட்டால் ஆணியை நீங்களே பிடுங்காதீர்கள். ஆணியில் பசைப் பூச்சு இருக்கும், இழுக்கும்போது நரம்பு கிழியலாம். 108-ஐ அழையுங்கள், அல்லது நேராகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியாத தம்பிகள் பதிந்துகொள்ளுங்கள். விபத்து நேரும் வரை காத்திருக்க வேண்டாம். மனு எழுத எங்கள் அலுவலகத்தில் உதவி உண்டு.

காதையும் மறக்க வேண்டாம். கன்னின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், மூடிய அறையில் இன்னும் அதிகம். ஏரிக்கு வரும் பறவைகள் பதறக் கூடாது என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்காமல் இருப்பவர்கள் நம் ஊர் மக்கள். பறவைக்காகக் காக்கும் அமைதியில் கொஞ்சத்தை நம் பிள்ளைகளின் காதுக்கும் கொடுப்போம். இயர்மஃப் கன்னோடு சேர்த்தே வாங்குங்கள்.

கடன் கேட்கும் முன்

தம்பிகளே, கடையில் பெயர் பெரிதாக எழுதிய கன்னைப் பார்த்துத் தவணைக்கு எடுக்காதீர்கள். அம்மாவின் தோட்டை அடகு வைக்காதீர்கள். வட்டி ஒரு பக்கம் ஏற, பொருந்தாத கன் மூலையில் கிடக்கும்.

இனி எங்கள் மனுவில் மூன்று கேள்விகள் சேர்த்திருக்கிறோம். கடந்த மாதங்களில் அதிகம் செய்த வேலை எது? எந்த மரம், எவ்வளவு தடிமன்? கம்ப்ரஸர் உண்டா, பங்காளி உண்டா? பதிலோடு நீங்கள் அடித்த பீடிங்கில் ஒரு துண்டையும் கொண்டுவாருங்கள். தொழிலில் நரைத்த பெரியவர்கள் இருவர் உட்கார்ந்து பார்த்து, எந்தக் கன் என்று உங்களோடு பேசி முடிவு செய்வார்கள். எப்போதாவது மட்டும் தேவைப்படும் 16 கேஜ் கன்னையும் 23 கேஜ் கன்னையும் அறக்கட்டளையே வாங்கி வைக்கிறது. கையெழுத்திட்டு எடுத்துப் போய், துடைத்து எண்ணெய் விட்டுத் திருப்பித் தாருங்கள். அது எல்லோருக்குமான அமானிதம்.

முதலில் சொன்ன அந்தத் தம்பி இப்போது மறுபடி எங்கள் தெரு வழியாகவே வருகிறார். அந்தப் பெரிய கன்னை அதற்குரிய வேலை செய்யும் ஒருவரிடம் விற்றுக்கொடுத்தோம். கையில் இப்போது எஃப் 50. தவணையில் பாதி கட்டிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். மீதி பாதியையும் கட்டிவிடுவார், இன்ஷா அல்லாஹ். இன்று கடன் பெறும் ஒவ்வொருவரின் கையையும் கண்ணையும் சம்பாத்தியத்தையும் அல்லாஹ் பாதுகாத்து பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.