சிறுவரோடு ஒரு சரித்திர யாத்திரை



விடுமுறை வந்துவிட்டால் நம் இல்லங்கள் தோறும் ஒரு பேச்சு எழுவதுண்டு. "இந்தத் தடவை பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம்?" என்று தாயார் கேட்பார். பாட்டியார் ஒரு கோயிலைச் சொல்வார். தந்தையார் ஒரு கோட்டையைச் சொல்வார். சிறுவர்கள் ஒரே குரலில் அருவி என்பார்கள். எல்லார் விருப்பத்தையும் ஒரே நாளில் நிறைவேற்றிவிட எண்ணி ஒரு வண்டியை வாடகைக்குப் பேசுவார்கள். விடியுமுன் ஆலங்குளத்தை விட்டுப் புறப்பட்ட வண்டி, தென்காசி, குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழித் திருமலைக் கோயில் என்று சுற்றிவிட்டு, ஊர் உறங்கிய பின்னர் வீடு திரும்பும். ஐந்து ஊர்களைப் பார்த்தாயிற்று என்று பெரியவர்கள் மகிழ்வார்கள். மறுநாள் காலையில் ஆறு வயதுப் பிள்ளையிடம், "நேற்று என்ன பார்த்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "வண்டியில் வாந்தி எடுத்தேன்" என்று அது விடை சொல்லும். அந்தப் பிள்ளையிடம் குற்றம் இல்லை. திட்டத்தில்தான் குறை இருக்கிறது.

சிறு குழந்தைகளோடு சரித்திரச் சிறப்புடைய இடங்களுக்குச் செல்லும் குடும்பங்கள் அப்பயணத்தை எவ்வாறு அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதனைப் பெற்றோரிடம் சொல்லாமல் மாணவர்களாகிய உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. வரலாற்றுப் பாடத்தை அண்மையில் படித்தவர்கள் நீங்கள். தம்பி எவ்வளவு தூரம் நடப்பான், தங்கைக்கு எப்பொழுது பசிக்கும் என்பதை அறிந்தவர்களும் நீங்களே. ஆகவே வீட்டுப் பயணத்திற்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்பதே பொருத்தம்.

அகல உழுவதினும் ஆழ உழுவது நன்று என்பது நம் உழவர் வாக்கு. குழந்தைகளோடு செல்லும் பயணத்திற்கு இதைவிடச் சிறந்த விதி இல்லை. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை உடன் வருமாயின், ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்; மிகுந்தால் இரண்டு. காலையில் ஒன்று, நண்பகலில் நல்ல ஓய்வு, மாலையில் மற்றொன்று என்று வகுத்துக்கொள்ள வேண்டும். நம் பக்கத்துக் கோயில்களில் பெரும்பாலானவை நண்பகலில் நடை சாத்தி மாலையில் மீண்டும் திறப்பவை ஆதலால், கோயிலின் வழக்கமும் குழந்தையின் உறக்கமும் ஒன்றோடொன்று இசைந்து போகும். கருங்கல் தளங்களில் காலணியின்றி நடக்க வேண்டியிருப்பதை நினைத்தாலும், வெயில் ஏறுமுன் செல்வதே தக்கது.

நமது ஆலங்குளம் காய்கறிச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். கோட்டைகளுக்கும் கோபுரங்களுக்கும் பெயர் பெற்றதன்று. எனினும் அது நல்ல இடத்தில் அமைந்திருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் பெருஞ்சாலையில், பேருந்து வசதியோடு நிற்கிறது. மேற்கே தென்காசியும் குற்றாலமும், தெற்கே கடையம், வடக்கே சங்கரன்கோவில், நெல்கட்டும்செவல், கழுகுமலை. இவற்றுள் அருகிலிருப்பதை முதலிலும், தொலைவிலிருப்பதைக் குழந்தை வளர்ந்த பிறகும் வைத்துக்கொள்வது முறை.

முதலில் தென்காசிக்குச் செல்வோம். அங்கே காசி விசுவநாதர் கோயிலை எழுப்பியவன் பதினைந்தாம் நூற்றாண்டில் ஆண்ட பராக்கிரம பாண்டியன். சிவபெருமான் அவன் கனவில் தோன்றி, எறும்புச் சாரை செல்லும் வழியே சென்று அது முடியும் இடத்தில் கோயில் கட்டுமாறு பணித்தார் என்று ஒரு கதை அங்கு வழங்குகிறது. புறப்படுவதற்கு முந்திய இரவில் இக்கதையைக் குழந்தைக்குச் சொல்லுங்கள். மறுநாள் கோபுரத்தை நெருங்கும்போது அது அண்ணாந்து பார்க்குமுன் தரையில் எறும்பைத் தேடும். தேடட்டும், அவசரப்படுத்தாதீர்கள். ஓர் அரசனின் பெயர் அந்த எறும்போடு சேர்ந்து அதன் நெஞ்சில் பதிகிறது.

அடுத்து, கோபுர வாயிலில் வீசும் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கு மேற்கே உள்ள கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று தென்காசியை நோக்கிப் பாய்கிறது. சாரல் காலத்தில் அவ்வாயிலில் நுழைவோரை அக்காற்று எதிர்த்துத் தள்ளும். குழந்தைகள் அதை எதிர்த்து நடந்து சிரிப்பார்கள். மூத்தவனாகிய நீ அப்பொழுது, இக்காற்று எந்தக் கடலிலிருந்து வருகிறது, எந்த வழியே வருகிறது என்று இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடலாம். பூகோளப் பாடம் அங்கேயே முடிந்தது.

உள்ளே சென்றால், தூணோடு தூணாக ஆளுயரத்திற்கும் மேல் நிற்கும் வீரபத்திரர், மன்மதன், இரதி முதலிய சிற்பங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் காட்ட முயல வேண்டா. ஒரே ஒரு சிற்பத்தின் முன் நின்று, "இதற்கு எத்தனை கைகள்? ஒவ்வொரு கையிலும் என்ன இருக்கிறது? கழுத்தில் எத்தனை வகை மாலைகள்?" என்று கேளுங்கள். பெரியவர்கள் கவனிக்காத ஒன்றைக் குழந்தை கண்டுபிடித்துச் சொல்லும். இத்தாலிய நாட்டுக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப் போர்க்காலத்தில் இந்நாட்டிலேயே தங்கி, ஆசிரியர் பலருக்குப் பயிற்சி அளித்தார். குழந்தை தன் புலன்களாலும் தன் முயற்சியாலும் கற்பதே கல்வி என்பது அவர் கொள்கை. அந்தத் தூணின் அடியில் நின்று எண்ணும் குழந்தை அக்கொள்கைக்கு நல்ல சான்று.

மாலையில் குற்றாலம். அருவியைத் தவிர்த்துக் குற்றாலம் சென்றால் எந்தக் குழந்தையும் நம்மை மன்னிக்காது. ஆனால் அருவிக்குமுன் சித்திர சபைக்குச் சென்றுவிடுங்கள். நீராடிய பிறகு பிள்ளைகளுக்குப் பசியும் உறக்கமும் வந்துவிடும். நடராசப் பெருமானுக்குரிய ஐந்து சபைகளுள் ஒன்று இது. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம், குற்றாலத்தில் சித்திரம் என்று சொன்னால் குழந்தைகள் விரல் மடக்கி மனப்பாடம் செய்துவிடுவார்கள். சுவரெங்கும் தீட்டப்பட்ட ஓவியங்களைக் கைபடாமல் பார்க்க வேண்டும். குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரும், இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரும் இவ்வூர்க் காற்றைச் சுவாசித்தவர்கள் என்பதைக் கல்லூரி மாணவர்களாகிய நீங்கள் உங்களுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளிடம் அதை இப்பொழுதே திணிக்க வேண்டியதில்லை.

அருவியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. பதினேழு வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். கீழே நாம் நிற்கும் இடத்தில் மழை இல்லாதபோதும் மலைமேல் பெய்த மழை நொடியில் இறங்கிவிடும். நீரின் நிறம் கலங்கினாலும், இரைச்சல் மாறினாலும், காவலர் ஊதினாலும் உடனே குழந்தைகளோடு வெளியேற வேண்டும். குளிக்கத் தடை என்று அறிவித்திருந்தால் கெஞ்சுவதும் வாதாடுவதும் கூடா. தொலைவில் நின்று அருவியைப் பார்ப்பதும் ஓர் இன்பமே.

அடுத்த விடுமுறையில், பிள்ளை எட்டு வயதை எட்டியிருந்தால், கழுகுமலைக்குச் செல்லலாம். அங்குள்ள வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. கல்லை அடுக்கிக் கட்டிய கோயிலன்று அது. மலையையே மேலிருந்து கீழாகக் குடைந்து, வேண்டாத கல்லை நீக்கி, கோயிலை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் இம்முறையில் அமைந்ததே. இதை விளக்கச் சொற்பொழிவு எதற்கு? முந்திய நாள் ஒரு சோப்புக் கட்டியையும் ஒரு மரக்கரண்டியையும் பிள்ளையிடம் கொடுத்து, மேலிருந்து செதுக்கி ஒரு வீடு செய்யச் சொல்லுங்கள். ஒரு பக்கம் உடைந்துபோகும், அழும். மறுநாள் வெட்டுவான் கோயிலின் முன் நிற்கும்போது, ஒரு தவறும் செய்ய இடமில்லாத அந்த உளியின் அருமை அதற்குத் தானாகவே விளங்கும். மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியை அங்கே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

அக்கோயில் முற்றுப்பெறவில்லை. "ஏன் முடிக்கவில்லை?" என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். தந்தையும் மகனுமான இரு சிற்பிகளின் போட்டியைப் பற்றி ஊரார் ஒரு கதை சொல்வார்கள். சொல்லுங்கள், ஆனால் கதை என்றே சொல்லுங்கள். தென்காசியின் எறும்புக்கும் இதுவே விதி. "இது கல்வெட்டில் இருப்பது, இது மக்கள் சொல்லும் கதை" என்று பிரித்துக் காட்டுவது, வரலாறு கற்போர் பெறவேண்டிய முதற் பயிற்சி. ஏழெட்டு வயதில் அதைப் பெற்றவன் பின்னாளில் வதந்திகளுக்கு எளிதில் இரையாகமாட்டான்.

அதே மலையில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அவற்றில் ஆசிரியர், மாணாக்கர் பெயர்கள் வருகின்றன; பெண்பால் ஆசிரியர்களும் உண்டு. சமணத் துறவியர் தங்கிய இடத்தைப் பள்ளி என்று அழைத்தனர். அச்சொல்லையே இன்று நாம் கல்விச்சாலைக்கு வழங்குகிறோம். "உன் பள்ளிக்கு அக்காள் இந்தப் பள்ளி" என்று தங்கையிடம் சொல்லிப் பாருங்கள். பாறை சூடேறுமுன், அதிகாலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும்.

வீரக் கதைகளில் விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு, 1750-களிலேயே கும்பினியாரை எதிர்த்த பூலித்தேவனின் நெல்கட்டும்செவல் உண்டு. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்ட கயத்தாறும், அவனது பாஞ்சாலங்குறிச்சியும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சியில் இன்று நாம் காணும் கோட்டை 1974-இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையை ஆங்கிலேயர் இடித்துவிட்டனர். இவ்வுண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பாரதியாரின் பாப்பாப் பாட்டைப் பாடும் குழந்தையைக் கடையத்திற்கு அழைத்துச் செல்லலாம். அது செல்லம்மாளின் ஊர். 1918 முதல் 1920 வரை பாரதியார் அங்கு வாழ்ந்தார்.

இனி, மூட்டை முடிச்சு. இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிக் கட்டுங்கள். புளியோதரை மாலை வரை கெடாது. காய்ச்சி ஆறிய நீர், மாற்றுடை ஒன்று, தலைக்குத் துணி, ஒரு சிறு குறிப்பேடு, பென்சில் போதும். பாட்டியார் உட்கார நிழல் எங்கே, குழந்தைக்குக் கழிப்பிடம் எங்கே என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டி வேண்டியதில்லை. பேருந்தின் சன்னலோரமும் பயணத்தில் ஒரு பகுதிதான். வீடு திரும்பிய மறுநாள் குழந்தையை ஒரு படம் வரையச் சொல்லுங்கள். அதில் எறும்பு மட்டுமே இருந்தாலும் பயணம் வெற்றி பெற்றது.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பீர்கள். பழைய மண்டபங்களின் தூண்களிலும் ஓவியம் தீட்டிய சுவர்களிலும் ஆணியால் கீறப்பட்ட பெயர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கீறிய கைகள் அந்நியர் கைகளல்ல. கையைப் பிடித்து இழுத்துச் சென்று, "சீக்கிரம் வா, பார்த்தது போதும்" என்று அதட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு அந்தச் சுவர் வெறுஞ்சுவர். தானே எண்ணிப் பார்த்து, தானே ஒன்றைக் கண்டுபிடித்த பிள்ளைக்கோ அது தன் சொத்து. தன் சொத்தை எவனும் கீறமாட்டான். பிறர் கீறவும் விடமாட்டான்.

பராக்கிரம பாண்டியன் தென்காசிக் கோயிலில் ஒரு வேண்டுகோளைக் கல்லில் பொறித்து வைத்தான். இக்கோயிலைப் பிற்காலத்தில் காத்துப் புதுப்பிப்பவர் யாராயினும் அவர் அடிகளைத் தாம் பணிவதாக அம்மன்னன் சொல்கிறான். முடியணிந்த ஒருவன், இன்னும் பிறவாத எவரையோ பணிகிறான்! அவனது கோபுரம் பின்னாளில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. மக்கள் முயன்று மீண்டும் எழுப்பினார்கள்; 1990-இல் குடமுழுக்கு நடந்தது. அவன் பணிந்தது அந்த மக்களை. இனி வருங்காலத்தில் அவன் பணியப்போவது யாரை? உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு கோபுர வாயிலில் காற்றோடு போராடிச் சிரிக்கும் அந்தத் தம்பி தங்கையரைத்தான். அவர்களை நிதானமாக அழைத்துச் செல்லுங்கள்.