ஏடும் இறுவட்டும்



வைகாசி மாதத்தில் மட்டக்களப்பு வாவியோரக் கிராமங்களுக்குப் போனவர்கள், கண்ணகை அம்மன் கோயில்களில் வழக்குரை பாடப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பாடல் நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது? ஏட்டிலிருந்து ஏட்டுக்கு எழுதி எழுதியே வந்தது. ஏடு நைந்து போகுமுன்னர் இன்னொருவர் பிரதி செய்தார். 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தை எவ். எக்ஸ். சி. நடராசாவும், 1968இல் கண்ணகி வழக்குரையை வி. சீ. கந்தையாவும் அச்சிலே தர முடிந்தது என்றால், அதற்கு முன்னர் பெயர் தெரியாத பலர் எழுத்தாணி பிடித்திருந்தார்கள் என்பதே காரணம்.

பழைய ஏடுகள் பலவற்றின் இறுதியில் ஒரு குறிப்பு இருக்கும். எழுதியவர் யார், எந்த ஆண்டு, எந்த மாதம், யாருடைய ஏடு என்ற விபரம் அதிலே காணப்படும். இந்தச் சிறு குறிப்பை மனதிலே வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வருகிறேன்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2001ஆம் ஆண்டளவில் படுவான்கரையிலே முதிய அண்ணாவியார் ஒருவரிடம் வடமோடிக் கூத்தொன்றின் பாடல்களைக் கேட்டு எழுதினேன். கணினியிலே பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தேன். அவருடைய குரலையும் பதிவு செய்து, ஓர் இறுவட்டிலே இட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தேன். காரியம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கிடந்தன. பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்து இயங்குவது. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அது தமிழென்றே தெரியாது. நல்லகாலம், ஒருங்குறிக்கு மாற்றும் வழி இருந்தது. பாடல்களை மீட்டுக்கொண்டேன். ஆனால் குரல் இருந்த இறுவட்டை எந்தக் கருவியும் வாசிக்கவில்லை. அண்ணாவியாரும் அப்போது உயிருடன் இல்லை. அவர் கையால் எழுதிய கூத்துக் கொப்பி மாத்திரம் மாணாக்கர் மூவரிடம் மூன்று பிரதியாக இன்றும் இருக்கிறது. கணினி தெரிந்த நான் இழந்தேன்; கொப்பியை நம்பிய அவர் இழக்கவில்லை.

இது எனக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் 1086இல் எடுத்த நிலக்கணக்கேடு இன்றும் வாசிக்கக்கூடியதாக உள்ளது. அதன் 900ஆவது ஆண்டையொட்டி, 1986இல் பி.பி.சி. நிறுவனத்தார் நாடு முழுவதிலும் திரட்டிய செய்திகளை லேசர்த் தட்டுகளில் பதிந்தனர். பதினைந்து ஆண்டுகளுக்குள் அவற்றை வாசிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. ஆய்வாளர் பெருமுயற்சி செய்தே அவற்றை மீட்க வேண்டியதாயிற்று.

இத்தகைய அனுபவங்களிலிருந்துதான் எண்ணிமப் பாதுகாப்புக்கான நியமங்கள் பிறந்தன. விண்வெளித் தரவுகளைப் பேணுவதற்காக வகுக்கப்பட்ட ஒரு மாதிரி, 2003இல் சர்வதேச நியமமாகி, நூலகங்களுக்கும் வழிகாட்டியாயிற்று. அதன் சாரம் எளியது. கோப்பை மாத்திரம் வைத்திருப்பது போதாது. அதை வாசிக்கும் வழி, அது பிறந்த வரலாறு, அது மாறாதிருக்கிறது என்பதற்கான சான்று ஆகியவற்றையும் சேர்த்தே வைக்க வேண்டும். நம் ஏட்டின் இறுதிக் குறிப்பு வேறென்ன செய்தது? 2005இல் வந்த இன்னொரு நியமம், நீண்டகாலம் பேணுவதற்குரிய பி.டி.எவ். வடிவத்தை வகுத்தது. அதிலே எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். அன்று நான் அப்படிச் செய்திருந்தால் அரைப்புள்ளிகளோடு மல்லாடியிருக்க மாட்டேன்.

மாறாமைக்கும் வழி உண்டு. கோப்பு முழுவதையும் கணித்து ஓர் எண்ணை எடுப்பார்கள். ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். குறித்த காலத்துக்கு ஒருமுறை அதைச் சரிபார்த்தால், பழுதான பிரதியை நல்ல பிரதி கொண்டு மாற்றலாம். நானோ பதினைந்து ஆண்டுகள் பெட்டியைத் திறக்கவேயில்லை.

அடுத்தது பிரதிகளின் எண்ணிக்கை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றேனும் வேறிடத்தில் என்பார்கள். நம் ஊர்க் கணக்கிலே சொன்னால், எழுவான்கரையில் ஒன்று, படுவான்கரையில் ஒன்று, மாவட்டத்துக்கு வெளியே ஒன்று. 1978 நவம்பரில் சூறாவளி வந்தது. 2004 டிசம்பரில் கடலே வந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. ஓரிடத்தில் குவித்து வைப்பது எத்தனை ஆபத்து என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் ஆவணங்கள் இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரட்டி, எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. பெரும்பணி அது. ஆனால் கோயில் பெட்டியிலும் வீட்டு அலுமாரியிலும் ஆய்வாளரின் பழைய கணினியிலும் கிடப்பவை அங்கே தாமாக நடந்து போகமாட்டா. அவற்றை வைத்திருப்பவர்தான் கையளிக்க வேண்டும். முதலிலே, இருப்பது என்ன, எங்கே, யாரிடம் என்று ஒரு தாளில் எழுதுவோம். பிறகு பிரதி செய்வோம். ஆண்டுதோறும் வைகாசிச் சடங்கு வரும்போது அவற்றைத் திறந்து பார்ப்போம்.

பேணுதல் என்பது பூட்டி வைப்பதன்று. வழக்குரை வாழ்ந்தது ஆண்டுதோறும் திறந்து பாடப்பட்டதனாலேயே. அந்த அண்ணாவியாரின் குரலை இனி நான் உங்களுக்குக் கேட்கத் தர முடியாது. உங்கள் ஊர் அண்ணாவியாரின் குரலையாவது காப்பாற்றுங்கள்.