உணவில் கலக்கும் பாஸ்பேட்: நாம் அறிய வேண்டியவை
(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பசித்தவருக்குச் சோறிடுவது நம் திருக்கோயில்களின் தலையாய அறம். இடுகின்ற உணவில் என்ன கலந்திருக்கிறது என்று அறிவதும் அந்த அறத்தில் சேர்ந்ததே. பள்ளியில் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், பாஸ்பேட் என்னும் ஒரு பொருளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இந்தச் சூலியா தெருவில் மாலை வேளையில் ஒரு நடை நடந்தால் வான்டான் மீ, கறி மீ, மீன் உருண்டை, தே தாரிக், கோலா எல்லாம் கிடைக்கும். இப்படிப்பட்ட உணவுகள் பலவற்றில் பாஸ்பேட் உப்புகள் சேர்வதுண்டு. மீன் உருண்டையிலும் சாசேஜிலும் அவை நீரைப் பிடித்து வைத்து மென்மை தருகின்றன. டின் பால் திரண்டுவிடாமல் காக்கின்றன. பதப்படுத்திய சீஸில் கொழுப்பும் நீரும் பிரியாமல் வைக்கின்றன. கேக் பொங்க உதவும் பேக்கிங் பவுடரிலும் உண்டு. கோலாவின் புளிப்போ பாஸ்பாரிக் அமிலத்தால் வருவது.

அப்படியானால் இது நஞ்சா? இல்லை. பாஸ்பரஸ் நம் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சத்து. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 700 மில்லிகிராம் போதும். அளவுதான் கேள்வி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல், உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என வரம்பு வகுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 2,400 மில்லிகிராம். ஆனால் சிறுநீரகம் மிதமாகவோ பெரிதாகவோ பழுதுபட்டவருக்கு இந்த வரம்பு பொருந்தாது என்றும் அந்த ஆணையமே கூறியது.

இங்கேதான் நம் சமுதாயம் விழித்துக்கொள்ள வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியரில் வளர்ந்தவர்களுள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் நாட்டில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதற்காரணமும் நீரிழிவுதான். என் தமக்கையார் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். சிறுநீரகம் வெளியேற்றாத பாஸ்பரஸ் இரத்தத்தில் தேங்குகிறது. அரிப்பு உண்டாகிறது, எலும்பு வலுவிழக்கிறது, இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிகிறது.

பருப்பிலும் பாஸ்பரஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பருப்பில் உள்ளது ஃபைடேட் வடிவில் கட்டுண்டு கிடப்பதால் உடல் அதில் ஒரு பகுதியையே உறிஞ்சுகிறது. ஆலையில் சேர்க்கும் பாஸ்பேட் உப்போ பெரும்பாலும் முழுமையாக இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 279 டயாலிசிஸ் நோயாளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. சேர்க்கைப் பாஸ்பேட்டை லேபிளில் கண்டு தவிர்க்கக் கற்றவர்களுக்கு மூன்றே மாதங்களில் இரத்தப் பாஸ்பரஸ், கற்காதவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பதே அங்கு மருந்தானது!

ஆகவே லேபிளைப் படியுங்கள். 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நமக்குச் சொல்லித் தந்த பழக்கம்தான் இது. 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை உள்ள எண்கள் பாஸ்பேட்டைக் குறிப்பவை. பொட்டலத்தில் "பெராப்பி மக்கானான்" என்ற பொதுப் பெயர் மட்டும் இருந்தாலும் கவனியுங்கள். அதற்குள்ளும் பாஸ்பேட் அடங்கியிருக்கலாம். சந்தேகமானால் நோயாளிக்கு அதைத் தர வேண்டாம்.

அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. அன்னதானத்துக்குப் பொருள் வழங்குவோர், டின்னிலும் பொட்டலத்திலும் வருவதைக் குறைத்துப் புதுக் காய்கறி, அரிசி, பருப்பாகத் தாருங்கள். கோலாப் பெட்டிகளுக்குப் பதில் சீரகத் தண்ணீர் வைக்கலாம். அடுத்து, வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால், மருத்துவரையும் உணவு ஆலோசகரையும் கேட்டே உணவை மாற்றுங்கள். பருப்பும் காயும்கூட அவர்களுக்கு அளவோடுதான்.

பந்தியில் அமரும் ஒவ்வொருவரும் நலமாக எழுந்து செல்ல வேண்டும். அதற்கு இறையருள் துணை நிற்கட்டும்.