மூன்றுக்குப் பெயர் ரப்பர்க் கொட்டை



ரப்பர்க் காய் வெயிலில் வெடித்துக் கொட்டைகள் சிதறுவதைத் தோட்டத்துப் பிள்ளைகள் அறிவார்கள். ஒரு காய்க்குள் எத்தனை கொட்டைகள்? மூன்று அறை, மூன்று கொட்டை. இதைக் கண்டு, மூன்று என்னும் எண்ணுக்கே ‘ரப்பர்க் கொட்டை அளவு’ என்று பெயரிட்ட மக்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்கள் பேசும் மொழி ஹுப். இன்று அவர்களைப் பற்றிப் பேசுவோம்.

ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி, இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் சேர்த்தார். மறு ஆண்டு கியூவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. நம்மவர் பால் வெட்டிப் பிழைத்த மரம் இந்நாட்டுக்கு வந்த வரலாறு இதுதான்.

அமேசானில் வந்து கலக்கும் பெரிய ஆறுகளுள் ஒன்று ரியோ நீக்ரோ. கரிய ஆறு என்பது அதன் பொருள். அதன் மேற்பகுதியில், பிரேசிலும் கொலம்பியாவும் சந்திக்கும் எல்லையில், வாவுபெஸ், திக்கியே என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட காட்டில் ஹுப் மக்கள் வாழ்கின்றனர். இவர்கள் தொகை சில ஆயிரத்தைத் தாண்டாது. ‘ஹுப்’ என்றால் அவர்கள் மொழியில் ‘மனிதர்’ என்று பொருள்.

வேட்டையாடுவதும், காட்டுக் கனிகளைச் சேர்ப்பதும், ஓடைகளில் மீன் பிடிப்பதும் அவர்களுடைய பழைய தொழில்கள். கொஞ்சம் மரவள்ளியும் பயிரிடுவார்கள். பெரிய ஆற்றங்கரைகளில் துக்கானோ முதலிய வேறு இனத்தார் வாழ்கின்றனர். ஹுப் மக்கள் அவர்களுக்கு இறைச்சி கொடுப்பார்கள், அவர்கள் தோட்டத்தில் வேலையும் செய்வார்கள். பதிலுக்கு மரவள்ளி மாவும் பிற பொருள்களும் பெறுவார்கள். இந்த உறவில் மேல் கீழ் உண்டு. ஆற்றங்கரையார் தங்களை உயர்ந்தவர்களாகவும் காட்டு மக்களைத் தாழ்ந்தவர்களாகவும் எண்ணுவது வழக்கம்.

நெடுங்காலம் ஹுப் மக்களையும் அவர்களைப் போன்ற காட்டு மக்களையும் பிறர் ‘மக்கு’ என்றே அழைத்தனர். நம் வழக்கில் உள்ள மக்கு வேறு, இது வேறு. ஆனால் இதுவும் இழிவுப் பெயர்தான். அரவாக் இன மொழிகளில் ‘பேச்சு இல்லாதவர்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது மொழியறிஞர் கருத்து. அந்தப் பேச்சை அமெரிக்க மொழியறிஞர் பேஷன்ஸ் எப்ஸ் என்னும் அம்மையார் அவர்களிடையே தங்கிக் கற்று, 2008ஆம் ஆண்டில் இலக்கண நூலாக வெளியிட்டார். பேச்சில்லாதவர் என்று பெயர் வாங்கிய மக்களின் பேச்சுக்கு இலக்கணம் எழுத, ஏறத்தாழ ஆயிரம் பக்கங்கள் தேவைப்பட்டன!

அந்த இலக்கணத்தில் அப்படி என்ன இருக்கிறது? ஒன்று சொல்வோம். ‘பன்றி வந்தது’ என்று நாம் சொன்னால், கண்டு சொன்னோமா, யூகித்துச் சொன்னோமா என்பது தெரியாது. ஹுப் மொழியில் அது தெரிந்துவிடும். கண்ணால் கண்டதை அப்படியே சொல்லலாம். காதால் கேட்டோ மோப்பத்தால் உணர்ந்தோ அறிந்ததற்கு ஓர் ஒட்டு உண்டு. காலடித் தடத்தைப் பார்த்து முடிவு செய்ததற்கு வேறோர் ஒட்டு. பிறர் சொல்லிக் கேட்டதற்கு இன்னோர் ஒட்டு. இந்தக் கடைசி ஒட்டு நமக்கும் புதிதல்ல. ‘வந்தானாம், சொன்னானாம்’ என்று பாட்டி கதை சொல்கிறாரே, அந்த ‘ஆம்’ செய்யும் வேலையையே அதுவும் செய்கிறது. ஹுப் முதியவர்கள் பழங்கதை சொல்லும்போதும் அந்த ஒட்டு விடாமல் வந்துகொண்டே இருக்கும்.

எண்களைப் பாருங்கள். இரண்டு என்பது ‘கண் அளவு’. மூன்று, ரப்பர்க் கொட்டை. நான்கு என்பதற்கு ‘உடன்பிறப்பு உண்டு’ என்பது போன்ற பொருள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை இருக்கிறது அல்லவா? ஐந்து, ‘ஒரு கை’. பிறகு கைவிரல், கால்விரல் என்று இருபது வரை போகிறது. கண்முன் உள்ளதைக் கொண்டே கணக்கை அமைத்துக்கொண்ட அறிவு இது.

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். ஹுப் மக்கள் பெரும்பாலும் துக்கானோ மொழியையும் பேசுவார்கள். துக்கானோ மக்களோ ஹுப் மொழியைக் கற்பது அரிது. அப்படியானால் சிறிய மொழி என்றோ மறைந்திருக்க வேண்டுமே! மறையவில்லை. துக்கானோவிலிருந்து இலக்கணப் போக்குகள் பலவற்றை ஹுப் ஏற்றுக்கொண்டது, சொற்களை மிகக் குறைவாகவே வாங்கியது. துக்கானோ மக்கள் வேறு மொழிக் கூட்டத்தில்தான் பெண் எடுப்பார்கள். ஹுப் மக்களோ குலம் மாறி மணந்தாலும் மொழி மாறி மணப்பதில்லை. ஆகவே வீட்டில் தாயும் தந்தையும் பேசுவது ஹுப். குழந்தை முதலில் கற்பதும் ஹுப்.

இருபதாம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்தில் சலேசியப் பாதிரிமார் தங்கிப் படிக்கும் பள்ளிகளை நடத்தினர். அங்கே பிள்ளைகள் தாய்மொழி பேசத் தடை இருந்தது. மொழிகள் பல நலிந்தன. 2002ஆம் ஆண்டில் சாவோ கப்ரியேல் நகராட்சி, போர்த்துக்கீசிய மொழியோடு துக்கானோ, பனிவா, நியெங்கத்து என்னும் மூன்று மொழிகளையும் ஆட்சிமொழிகளாக ஏற்றது. அமேசான் மொழிகளுக்கு அது பெரிய வெற்றி. அந்த மூன்றில் ஹுப் இல்லை. அடையாளப் பத்திரத்துக்காகவும் அரசு உதவித் தொகைக்காகவும் அந்நகருக்கு வரும் ஹுப் குடும்பங்கள் ஆற்றங்கரையில் கொட்டகை போட்டு நாள்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. மேசைக்கு அப்பால் இருப்பவருக்கு இவர்கள் மொழி தெரியாது. பத்திரம் இல்லாதவர் படும் பாடு தோட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பெற்றோர்களே, பிள்ளைகள் பள்ளியில் மற்ற மொழிகளைக் கற்கட்டும், நன்றாகவே கற்கட்டும். அதற்காக வீட்டு மொழியை விட வேண்டியதில்லை என்பதற்கு ஹுப் மக்கள் சான்று. அவர்கள் மொழியைக் காத்தது சட்டமல்ல, பணமல்ல. அடுப்படியிலும் பாயிலும் பிள்ளையோடு பேசிய பேச்சு. இன்று இரவு உங்கள் பிள்ளைக்கு ஒரு கதை சொல்லுங்கள். ‘ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்’ என்று தொடங்குங்கள்.