மருந்தின் நான்காம் பகுதி

(பாரிவாக்கம் வெள்ளிவிழாக் கூட்டத்தில் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



25 ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளைப் படிக்க வைத்து வருகிறது. படித்தவர் கடமை தம் வீட்டை உயர்த்துவதோடு முடிவதில்லை. ஊரில் நோயுற்றுக் கிடப்போரையும் நினைக்க வேண்டும். ஆகவே ஒரு நோயையும், அதில் இசை செய்யும் உதவியையும் பற்றிப் பேச விழைகின்றோம்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் அந்நோயைத் தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்பர். மின்கம்பிக்கு மேலுறை இருப்பது போல் நரம்பிழைகளுக்கும் ஓர் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள அவ்வுறையைச் சிதைத்துவிடுகிறது. பார்வை மங்கும், கால் தள்ளாடும், கை மரத்துப்போகும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். பெண்களையே மிகுதியாகப் பற்றும். இது தொற்றுநோய் அன்று, செய்வினை அன்று, முன்வினைப் பயனும் அன்று. பிறப்பை வினைப்பயன் என்று கூறி நம்மை ஊர் ஒதுக்கி வைத்தது. அந்த வலியை அறிந்த நாமே, நோயை வினைப்பயன் என்று கூறி ஒரு பெண்ணை வீட்டு மூலையில் ஒதுக்கலாமா?

இங்கிலாந்து நாட்டின் புகழ்பெற்ற செல்லோக் கலைஞர் ஜாக்குலின் டு பிரே, இந்நோயால் விரல்களில் உணர்வு குன்றி, 1973-ஆம் ஆண்டில் தம் 28-ஆம் வயதில் மேடையை விட்டு விலகினார். பின்னரும் இயன்றவரை மாணவர்க்குக் கற்பித்தார், 1987-இல் மறைந்தார். இசையே நோயைத் தீர்க்குமாயின் அவரன்றோ முதலில் குணமடைந்திருப்பார்? எனவே நோய்க்கு நரம்பியல் மருத்துவரையே நாட வேண்டும். நோயின் தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் இன்று உள்ளன.

ஆயினும் இந்நோயுற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர். இசை துணைசெய்வது இங்கேதான். பலரோடு கூடிப் பாடுகையில் மூச்சு சீராகிறது; தனிமை அகலுகிறது. தாளத்துக்கேற்ப அடிவைக்கும் பயிற்சியால் நடை சீர்படுவதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். வெப்பம் நோய்க்குறிகளை மிகுவிக்குமாதலின், நம் கோடையில் பொழுது சாய்ந்தபின் காற்றோட்டமான இடத்தில் பாடலாம். நோயாளர் விரும்பும் பாட்டையே பாடுக. அவர் களைப்படையுமுன் நிறுத்துக.

தாளம் என்றதும் நம்முள் சிலர் தயங்கக்கூடும். பறை நம் முன்னோர்மீது சுமத்தப்பட்ட ஊழியமாயிற்று. அவ்வூழியத்தை அவர்கள் மறுத்தது நேர்மையே. ஆனால் ஏவலுக்கு அடித்த பறை வேறு. விருப்பத்தோடு எடுக்கும் பறை வேறு. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நம் தாளமும், நம் தாய்மாரின் தாலாட்டும் இனி யாருக்கும் ஊழியம் அல்ல. நம்மவரின் துயராற்றும் செல்வம்.

மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருப்பவன் என நான்காகப் பகுத்தார் வள்ளுவர். அந்த நான்காம் இடம் நம்முடையது. இளைஞர்களே! இந்நோய் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. உரியவருக்குச் சான்றிதழ் பெற்றுத் தர உடன் செல்லுங்கள். 1985-இல் தோன்றிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்தின் கிளை சென்னையிலும் உண்டு. அதனை நாடச் செய்யுங்கள். மாலையில் அரைமணி நேரம் அவர் அருகமர்ந்து பாடுங்கள். நாம் பெற்ற கல்விக்கு அதுவே அழகு.

வாழ்க நம் சங்கம்! வளர்க அதன் பணி!