வீட்டுத் தோட்டத்தில் கற்சுவரும் கற்பாதையும்



தோட்டம் என்றதும் செடியையும் கொடியையும் நினைக்கின்றோம். அவற்றைத் தாங்கும் மண்ணை நினைப்போர் சிலரே. சரிவான நிலமாயின், ஒரு பெருமழையே மேல்மண்ணை வாரிச் சென்றுவிடும். அதனைத் தடுக்க எளிய வழி ஒன்று உண்டு. சாந்து எதுவுமின்றிக் கல்லின்மேல் கல்லை அடுக்கித் தாங்கு சுவர் எழுப்புவதே அது. மிகத் தொன்மையான தொழில் இது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வழங்கிவரும் இக்கலையை, யுனெஸ்கோ நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

சாந்து இல்லாத சுவர் எவ்வாறு நிற்கும்? கல்லின் எடையும் அதனை வைக்கும் முறையுமே காரணம். முதலில் கெட்டித் தரை தென்படும்வரை பள்ளம் தோண்டிப் பெரிய கற்களை அடியில் இடுக. கல்லின் நீளம் சுவரின் உட்புறம் நோக்கிச் செல்லட்டும். இரு கற்கள் சேரும் இடத்தின்மேல் மூன்றாவது கல் அமரட்டும். இடையிடையே முன்முகத்திலிருந்து பின்புறம்வரை எட்டும் நீண்ட கற்களை வைத்தால், அவை சுவரைப் பிணைத்து நிற்கும். ஓரடி உயரத்திற்கு இரண்டு அங்குலம் வீதம் சுவர் மேட்டுப் பக்கம் சாய்ந்திருத்தல் வேண்டும்.

நான் பணியாற்றிய பள்ளியின் தோட்டத்தில் மாணவர்கள் இரண்டடிச் சுவர் ஒன்றை அடுக்கினர். கணக்குப் பாடத்தில் சாய்வு என்றால் விழித்த பிள்ளைகள், கயிறு கட்டி அளந்த அன்றே அதனைத் தெளிவாக அறிந்துகொண்டனர்.

சுவருக்குப் பெரும்பகை தேங்கும் நீர். நனைந்த மண் கனத்துச் சுவரைத் தள்ளும். ஆதலின் சுவரின் பின்னால் ஓரடி அகலத்திற்குச் சல்லியை நிரப்புக. நீர் அதன்வழி இறங்கிக் கல்லிடுக்குகளால் வெளியேறும், மண்ணோ நின்றுவிடும்.

உயரத்திலும் அடக்கம் வேண்டும். மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், 2019 டிசம்பர் 2-ஆம் நாள் விடியற்காலை, அடைமழையின்போது ஏறத்தாழ 20 அடி உயரமுள்ள கருங்கற் சுற்றுச்சுவர் வீடுகளின்மேல் இடிந்து விழுந்தது. 17 பேர் மாண்டனர். சுவர் எழுப்புவோர் அதன் மறுபுறம் வாழ்வோரையும் எண்ணுதல் கடமை. நாமே அடுக்கும் சுவர் மூன்றடியைத் தாண்ட வேண்டா. அதற்குமேல் வேண்டுமாயின் பொறியாளரைக் கேட்டல் நன்று.

பாதைக்கும் நீரே முதற்கணக்கு. அரையடி ஆழம் மண்ணை எடுத்து, சல்லியும் மணலும் பரப்பித் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்துக. அதன்மேல் பலகைக் கற்களை ஆடாமல் பதித்து, நீர் வழிந்தோடப் பாதையை ஒருபுறம் சற்றே தாழ்த்துக. வழிந்த நீரைச் செடிகளின் பாத்திக்குத் திருப்பினால் மழையும் வீணாகாது.

மாணவர்களே, விடுமுறையில் ஒரு முழ உயரச் சுவரையேனும் உங்கள் கையால் அடுக்கிப் பாருங்கள். பெருங்கல்லைத் தூக்கப் பெரியோர் துணையைக் கொள்ளுங்கள். முதற்கல்லை வைக்குமுன், நீர் எவ்வழியே போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.